ஓடாமல் வென்றவர்

1924-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள். பாரிஸ் நகரை அடுத்த கொலோம்ப் விளையாட்டரங்கில் மக்கள் திரண்டிருந்தனர். ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று தொடங்கவிருந்தது. தொடக்கக் கோட்டில் ஆறு பேர் குனிந்து நின்றனர். அவர்களுள் நால்வர் அமெரிக்கர், ஒருவர் நியூசிலாந்துக்காரர், இன்னொருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹெரல்ட் ஆப்ரகாம்ஸ். துப்பாக்கி வெடித்தது. 10.6 விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. முடிவுக் கோட்டின் நூலை முதலில் தொட்டவர் ஆப்ரகாம்ஸ். ஒலிம்பிக் வரலாற்றில் ஐரோப்பியர் ஒருவர் 100 மீட்டர் ஓட்டத்தில் வெற்றி பெற்றது அதுவே முதன்முறை.

மறுநாள் நாளிதழ்களில் ஆப்ரகாம்ஸின் பெயர் இடம்பெற்றது. ஆனால், அவரை அந்த வெற்றிக்குத் தயார்ப்படுத்திய மனிதரின் பெயர் பிரிட்டிஷ் குழுவின் பட்டியலில்கூட இல்லை. அவருக்கு அப்போது வயது 56. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக விளையாட்டாளர்களை உருவாக்கி வந்தவர் அவர். அவர்தாம் சேம் முசபினி.

முசபினி 1867-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பிளாக்ஹீத் பகுதியில் பிறந்தார். அரபு, துருக்கி, இத்தாலி, பிரெஞ்சு எனப் பல மரபுகள் கலந்த குடும்பம் அவருடையது. பெற்றோர் அவருக்கு இட்ட முழுப்பெயர் சிப்பியோ ஆப்ரிக்கானஸ் முசபினி. ஹன்னிபாலைத் தோற்கடித்த உரோமப் படைத்தலைவரின் பெயர் அது. ஆயினும், திடலில் அவரை எல்லாரும் சேம் என்றே அழைத்தனர்.

அவருடைய தந்தை பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர். மகனும் அதே துறையில் கால் பதித்தார். இளமையில் பரிசுப் பணத்துக்காக நடைபெற்ற ஓட்டப் பந்தயங்களிலும் முசபினி கலந்துகொண்டார். ஆனால், உலகம் போற்றும் ஓட்டக்காரராக அவர் உயரவில்லை. அதற்காக அவர் விளையாட்டை விட்டு விலகவும் இல்லை. தம்மால் வேகமாக ஓட முடியவில்லை என்றால், வேகமாக ஓடுபவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்பதை ஆராயலாம் அல்லவா? அந்த ஆராய்ச்சியே அவருடைய வாழ்க்கைப் பாதையாக அமைந்தது.

பில்லியர்ட்ஸ் விளையாட்டைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதினார். அந்த விளையாட்டுக்கான இதழ் ஒன்றின் ஆசிரியராகவும் விளங்கினார். பில்லியர்ட்ஸ் மேசையில் கோலின் முனை பந்தை எந்த இடத்தில் தொடுகிறது என்பது மிக முக்கியம். மயிரிழை தவறினாலும் பந்து வேறு திசையில் ஓடிவிடும். சிறிய பிழையும் பெரிய விளைவைத் தரும் என்பதை முசபினியின் கண்கள் அங்கே நாள்தோறும் கண்டன. 1890-களில் அவர் மிதிவண்டிப் பந்தய வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். அப்போது மிதிவண்டிப் பந்தயம் மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதில் ஓட்டுநரின் ஆற்றல் எந்த இடத்தில் வீணாகிறது, எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது என்பதை அவர் கூர்ந்து கவனித்தார்.

இவ்வாறு கற்ற பாடங்களை அவர் ஓட்டத்திடலுக்குக் கொண்டுவந்தார். அதன் பயன் 1908-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு இலண்டனில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த ரெஜி வாக்கர் என்னும் இளைஞருக்கு வயது 19. நல்ல வேகம் இருந்தும், போதிய பணம் இல்லாததால் அவர் முதலில் தம் நாட்டுக் குழுவில் இடம்பெறவில்லை. அவருடைய ஊரில் விளையாட்டை நேசித்தவர்கள் நிதி திரட்டி அவரைக் கப்பலேற்றி அனுப்பினர். இலண்டனில் அந்த இளைஞரின் ஓட்டத்தை முசபினி கண்டார்.

வாக்கரின் கால்களில் வேகம் இருந்தது. தொடக்கத்தில்தான் தடுமாற்றம் இருந்தது. 100 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கத்தில் இழக்கும் நேரத்தைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். எனவே, கோட்டிலிருந்து கிளம்பும் முறையை முசபினி அவருக்குத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். அவ்வாண்டு ஜூலை மாதம் நடைபெற்ற இறுதி ஓட்டத்தில் வாக்கர் 10.8 விநாடிகளில் ஓடித் தங்கப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஆண்களுள் மிக இளையவர் என்னும் பெருமை இன்றும் அவருக்கே உரியது.

இத்தகைய வெற்றியைத் தேடித் தந்த பயிற்றுநரை எல்லாரும் கொண்டாடியிருப்பார்கள் என்று நாம் எண்ணலாம். நடந்தது வேறு. அக்காலத்தில் இங்கிலாந்தின் ஓட்டப்பந்தயத் துறையில் ஒரு கண்டிப்பான நெறி நிலவியது. விளையாட்டில் ஈடுபடுவோர் பொழுதுபோக்குக்காக மட்டுமே ஈடுபட வேண்டும். அதைக் கொண்டு பணம் ஈட்டக்கூடாது என்பதே அந்த நெறி. ஊதியம் பெற்றுப் பயிற்சி அளிப்பவரை விளையாட்டு அமைப்பினர் தங்களுக்குச் சமமாக மதிக்கவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நெறி பெரிய தடையாக இல்லை. ஆனால், உழைத்துச் சம்பாதித்தால்தான் அடுப்பெரியும் என்னும் நிலையில் இருந்தவர்களுக்கு அது ஒரு சுவர். முசபினி அந்தச் சுவருக்கு வெளியே நின்றார். தேசியக் குழுவில் அவருக்கு எந்தப் பொறுப்பும் தரப்படவில்லை.

அவர் அதற்காக மனம் தளரவில்லை. 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர் வில்லி ஆப்பல்கார்த் 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் அஞ்சல் ஓட்டத்தில் தங்கமும் வென்றார். மறு ஆண்டு, முசபினி இலண்டனில் உள்ள பாலிடெக்னிக் ஹேரியர்ஸ் என்னும் ஓட்டக் கழகத்தின் பயிற்றுநரானார். அதே 1913-ஆம் ஆண்டில், பயிற்சி முறைகளை விளக்கும் நூல் ஒன்றையும் இன்னொருவருடன் இணைந்து எழுதி வெளியிட்டார்.

அவருடைய பயிற்சி முறை அக்காலத்துக்குப் புதியது. அன்றைய பயிற்றுநர் பலர் ஓட்டக்காரரின் உடலை நீவிவிடுவதையும் உணவைக் கட்டுப்படுத்துவதையுமே தங்கள் பணியாகக் கருதினர். வேகம் பிறவியிலேயே வருவது. அதைக் கற்றுக்கொடுக்க முடியாது என்பது பலருடைய நம்பிக்கை. முசபினி அதை ஏற்கவில்லை. ஓட்டம் என்பது தொடக்கம், காலடி, கை வீச்சு, மூச்சு, முடிவு எனப் பல பகுதிகள் கொண்டது என்று அவர் கண்டார். ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். அடுத்தடுத்து எடுக்கப்பட்ட நிழற்படங்களைக் கொண்டு உடலின் அசைவுகளை ஆராய்ந்தார். கையில் நிறுத்துக் கடிகாரம் இல்லாமல் அவர் திடலுக்கு வருவதில்லை. கண்ணுக்குத் தப்பியதைக் கடிகாரம் காட்டும். கடிகாரம் காட்டாத காரணத்தைக் கண் கண்டுபிடிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பயிற்சி முழுமை பெறும்.

முசபினியின் பொறுமைக்கு ஆல்பர்ட் ஹில்லின் வாழ்க்கை நல்ல சான்று. ஹில் இரயில்வே துறையில் பணியாற்றிய எளிய மனிதர். தொடக்கத்தில் அவர் நெடுந்தூர ஓட்டக்காரராக இருந்தார். 1910-இல் இங்கிலாந்தின் நான்கு மைல் ஓட்ட வெற்றியாளரும் அவரே. ஆயினும், இடைத்தூர ஓட்டமே அவருக்கு ஏற்றது என்று முசபினி கருதினார். அவரை அந்தப் பாதைக்குத் திருப்பினார். தொடக்கத்தில் பாய்ந்து ஓடிப் பின்னர்க் களைத்துப் போகாமல், ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும் கலையைக் கடிகாரத்தின் துணையோடு கற்பித்தார்.

ஹில் புகழின் உச்சியை எட்ட வேண்டிய வயதில் முதல் உலகப்போர் மூண்டது. அவர் விமானப் படையில் வானொலித் தொடர்புப் பணியில் சேர்ந்து பிரான்சில் தொண்டாற்றினார். போர் முடிந்து திரும்பியபோது அவருக்கு முப்பது வயதாகிவிட்டது. ஓட்டக்காரரின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் கருதும் வயது அது. முசபினி அப்படி எண்ணவில்லை. இருவரும் மீண்டும் திடலுக்கு வந்தனர். 1920-ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், 31 வயதான ஹில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இரண்டு நாள் கழித்து 1500 மீட்டர் ஓட்டத்திலும் தங்கம் அவருக்கே கிடைத்தது. ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டு ஓட்டங்களிலும் வென்ற அடுத்த பிரிட்டன் விளையாட்டாளரைக் காண, அந்நாடு 2004-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் கெல்லி ஹோம்ஸ் என்னும் பெண்மணி.

அதே ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து இன்னோர் இளைஞர் ஏமாற்றத்துடன் ஊர் திரும்பினார். அவர்தாம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் ஹெரல்ட் ஆப்ரகாம்ஸ். 100 மீட்டர் ஓட்டத்தில் அவரால் இறுதிச் சுற்றை எட்ட முடியவில்லை. யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், தம்மைச் சிலர் அயலாராகவே பார்ப்பதை உணர்ந்திருந்தார். ஓட்டத்தில் வென்று தம் தகுதியை நிலைநாட்ட வேண்டும் என்னும் வேட்கை அவருக்குள் கனன்றது. வேட்கை மட்டும் போதாது. வழிகாட்டியும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1924 ஒலிம்பிக்கை எதிர்நோக்கியிருந்தபோது முசபினியை நாடினார். ஊதியம் பெறும் பயிற்றுநரை அமர்த்துவது கனவான்களுக்கு அழகன்று என்று கருதப்பட்ட காலம் அது. ஆப்ரகாம்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் தம் சொந்தப் பணத்தில் அவரை அமர்த்திக்கொண்டார்.

முசபினி அவருடைய ஓட்டத்தைக் கூர்ந்து பார்த்தார். அதில் பெரிய குறை எதுவும் இல்லை. சின்னச் சின்னக் குறைகள் இருந்தன. ஆப்ரகாம்ஸ் உயரமானவர். அதனால் தேவைக்கு மேல் நீளமான அடி எடுத்து வைத்தார். பாதம் உடலுக்கு வெகுதூரம் முன்னே விழுந்தால், ஒவ்வோர் அடியும் வண்டியின் தடையைப்போல வேகத்தைக் குறைக்கும். முசபினி அந்த நீளத்தைச் சற்றுக் குறைத்தார். அடிகள் விழ வேண்டிய இடங்களில் ஓட்டத்தடத்தின்மீது காகிதத் துண்டுகளை வைத்தார். ஆப்ரகாம்ஸ் அவற்றின்மீது கால் பதித்து ஓடிப் பழகினார். கைகளை எந்த உயரத்தில் வீச வேண்டும் என்பதையும் இருவரும் திருத்தி அமைத்தனர்.

அந்நாளில் கால் ஊன்றித் தள்ளுவதற்கான தொடக்கக் கட்டைகள் இல்லை. கரித்தூள் பரப்பிய தடத்தில் ஓட்டக்காரர்களே சிறு கரண்டியால் குழி தோண்டிக் கால் விரல்களை ஊன்றிக்கொள்வர். ஆப்ரகாம்ஸ் தம்முடன் ஒரு கயிற்றுத் துண்டையும் வைத்திருப்பார். முதல் அடி எங்கே விழ வேண்டும் என்பதை அக்கயிற்றால் அளந்து தடத்தில் அடையாளம் இடுவார். ஓட்டத்தின் முடிவுக்கும் தனிப் பயிற்சி இருந்தது. கடைசி அடியில் மார்பை முன்னே சாய்த்து நூலைத் தொட வேண்டும். சற்று முன்னதாகச் சாய்ந்தால் வேகம் குறையும். சற்றுப் பிந்தினால் பயனில்லை. சரியான நொடி பிடிபடும்வரை அதையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பழமொழி. அடிமேல் அடி அளந்தால் வேகமும் கூடும் என்பதை அந்தத் திடல் கண்டது.

பாரிஸ் போட்டிக்கான நாள் வந்தது. ஆப்ரகாம்ஸை எதிர்த்து நின்றவர்களுள் 1920-இல் தங்கம் வென்ற அமெரிக்கர் சார்லி பேடக்கும் ஒருவர். ஓட்டத்துக்கு முன்னர், முசபினியிடமிருந்து ஆப்ரகாம்ஸுக்கு ஒரு குறிப்பு வந்தது. துப்பாக்கியின் ஒலியையும் முடிவுக் கோட்டின் நூலையும் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டா என்பதே அதன் சாரம். பல மாதங்களாக நூறு நுணுக்கங்களைக் கற்பித்த ஆசிரியர், கடைசி நாளில் இரண்டே செய்திகளை மட்டும் சொன்னார். கற்றவை யாவும் உடலில் ஊறிவிட்டன; இனி மனத்துக்குத் தேவை அமைதிதான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த அமைதிக்கு அரையிறுதிச் சுற்றிலேயே சோதனை வந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் முந்திக் கிளம்பிவிட்டார் என்று எண்ணி ஆப்ரகாம்ஸ் ஒரு கணம் தயங்கினார். அதற்குள் மற்றவர்கள் அவரை விட்டு விலகி ஓடத் தொடங்கினர். 100 மீட்டர் ஓட்டத்தில் அப்படிப் பின்தங்கியவர் பதறித் துள்ளுவது இயல்பு. ஆப்ரகாம்ஸ் பதறவில்லை. பழகிய அடிகளை அவற்றின் அளவு மாறாமல் எடுத்து வைத்தார். கடைசி நொடியில் முந்தி வென்று இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றார். அன்று மாலையில் நடைபெற்ற இறுதி ஓட்டத்தில் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. தங்கம் வென்றார்.

தம் வெற்றியில் முசபினிக்கு உரிய பங்கை ஆப்ரகாம்ஸ் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆயினும், விளையாட்டு அமைப்புகள் தங்கள் எண்ணத்தை உடனே மாற்றிக்கொள்ளவில்லை. முசபினியும் பட்டத்துக்காகவோ பாராட்டுக்காகவோ காத்திருக்கவில்லை. அவருடைய திடலில் பெண்களுக்கும் இடம் இருந்தது. பெண்கள் ஓடுவதைப் பலர் எள்ளி நகையாடிய அக்காலத்தில், அவர் வேரா பால்மர் என்னும் வீராங்கனைக்குப் பயிற்சி அளித்தார். வேரா உலகச் சாதனைகள் படைத்ததோடு, பின்னாளில் பெண்கள் ஓட்டப்பந்தய அமைப்பின் தலைவராகவும் உயர்ந்தார்.

1927-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முசபினி தமது 59-ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்த மறு ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற ஜேக் லண்டன் 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் முசபினியின் மாணவர்கள் பெற்ற பதக்கங்கள் மொத்தம் 11.

பதக்கங்களைவிடப் பெரிய சொத்து ஒன்றையும் அவர் விட்டுச் சென்றார். அது, கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கும் பண்பு. ஆல்பர்ட் ஹில் ஓய்வு பெற்றபின் தாமும் பயிற்றுநரானார். ஆசிரியரிடம் கற்ற சீரான வேகத்தைச் சிட்னி வூடர்சன் என்னும் இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தார். மெலிந்த உடலும் மூக்குக் கண்ணாடியும் கொண்ட வூடர்சனைப் பார்த்தால் ஓட்டக்காரர் என்றே தோன்றாது. ஆனால், 1937-ஆம் ஆண்டில் அவர் ஒரு மைல் தூரத்தை 4 நிமிடம் 6.4 விநாடிகளில் ஓடி உலகச் சாதனை படைத்தார். முசபினி மறைந்து பத்தாண்டுகள் ஆன பின்னரும் அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

காலம் மெல்ல மாறியது. ஊதியம் பெறும் பயிற்றுநர்கள் இல்லாமல் எந்த நாட்டுக் குழுவும் ஒலிம்பிக்கிற்குச் செல்வதில்லை என்னும் நிலை வந்தது. 1924 ஒலிம்பிக் நிகழ்வுகளைத் தழுவி 1981-இல் ஓர் ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. அதன்வழி முசபினியின் பெயரை உலகம் மீண்டும் அறிந்தது. 1998-ஆம் ஆண்டில் பிரிட்டனில் சிறந்த பயிற்றுநர்களுக்கு அவருடைய பெயரில் பதக்கம் வழங்கும் வழக்கம் தொடங்கியது. 2012-ஆம் ஆண்டில், இலண்டனில் மீண்டும் ஒலிம்பிக் நடைபெற்றபோது, ஹெர்ன் ஹில் பகுதியில் அவர் வாழ்ந்த வீட்டின் சுவரில் நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. ஒரு காலத்தில் பட்டியலில் இடம்பெறாத பெயரை இன்று அவ்வழியே செல்வோர் நின்று படிக்கின்றனர்.

ஒரு விளையாட்டாளர் வெற்றிக் கோட்டைத் தொடும்போது நம் கண்கள் அவரை மட்டுமே காண்கின்றன. அது இயல்புதான். ஆனால், அவருடைய காலடியை அளந்தவர், தவற்றைப் பொறுமையாகத் திருத்தியவர், சோர்ந்தபோது நம்பிக்கை ஊட்டியவர் ஆகியோரும் அவருடன் சேர்ந்தே அந்தக் கோட்டைக் கடக்கின்றனர். நம் பள்ளித் திடலிலும் காலை வெயிலில் கையில் கடிகாரத்துடன் நிற்கும் ஓர் ஆசிரியரை நாம் காணலாம். பரிசளிப்பு விழாவில் அவருடைய பெயர் ஒலிக்காமல் போகலாம். வெற்றி பெற்றவர் அவரை நோக்கி நடந்து சென்று நன்றி கூறினால், அதுவே அவருக்குக் கிடைக்கும் தங்கப் பதக்கம்.